சிவப்பு தெரியாத மேதை

சேலம்-கரூர் ரெயில் பாதை 2013-ம் ஆண்டில் திறக்கப்பட்டது. காவிரிக் கரையில் உள்ள மோகனூருக்கும் ஒரு ரெயில் நிலையம் வந்தது. அங்கே சிவப்பு விளக்கு எரிந்தால் வண்டி நிற்க வேண்டும். பச்சை எரிந்தால் போகலாம். பள்ளிப் பிள்ளைகளுக்கும் தெரிந்த விஷயம் இது.

ஆனால், சிவப்பையும் பச்சையையும் பிரித்து அறிய முடியாத கண்களும் உண்டு. ஆண்களில் நூற்றுக்குச் சிலருக்கு இந்தக் குறை இருக்கிறது. பெண்களில் அபூர்வம். குறை உள்ளவருக்கே அது பல காலம் தெரிவதில்லை. ரெயில்வே உத்தியோகத்துக்கு மனுப் போட்டு, டாக்டர் வண்ணப் புள்ளிப் படத்தைக் காட்டி அதில் உள்ள எண்ணைப் படிக்கச் சொல்லும்போதுதான் பல வாலிபர்களுக்கு உண்மை தெரிகிறது. என்ஜின் ஓட்டும் ஆசை அந்த நிமிடமே போய் விடுகிறது.

இந்தக் குறையை விரிவாக ஆராய்ந்து உலகத்துக்குச் சொன்னவர் யார் தெரியுமா? அதே குறையுடன் பிறந்த ஒருவர்தான். அவர் பெயர் ஜான் டால்டன்.

நெசவாளி மகன்

டால்டன் 1766-ம் ஆண்டில் இங்கிலாந்தின் வட பகுதியில் ஈகிள்ஸ்பீல்டு என்ற சிற்றூரில் பிறந்தார். தகப்பனார் நெசவாளி. ராசிபுரம், குமாரபாளையம் பக்கத்து வாசகர்களுக்குத் தறிக்காரர் குடும்பத்தின் வரும்படியைப் பற்றி நாம் சொல்ல வேண்டியதில்லை. பையன் 12 வயதிலேயே வாத்தியார் ஆகி விட்டான்!

15 வயதில் கெண்டல் நகரத்துப் பள்ளிக்கூடத்துக்கு வேலைக்குப் போனார். அங்கே அவருக்குக் கணிதமும் விஞ்ஞானமும் சொல்லிக் கொடுத்தவர் ஜான் கஃப் என்ற அறிஞர். அந்தக் குருவுக்குக் கண் பார்வையே கிடையாது. அவருடைய தூண்டுதலால் 1787-ல் மழை, காற்று, வெப்பம் பற்றித் தினமும் குறிப்பு எழுதத் தொடங்கிய டால்டன், சாகும் வரை அதை விடவில்லை.

நிறம் மாறிய பூ

1792-ம் ஆண்டில் ஓர் இரவு, மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் ஜெரேனியம் பூ ஒன்றைப் பார்த்தார். திடுக்கிட்டார். பகலில் வான நீலமாகத் தெரிந்த பூ, இப்போது சிவந்து இருந்தது! நண்பர்களை அழைத்துக் காட்டினார். பகலிலும் இரவிலும் பூ ஏறக்குறைய ஒரே நிறம்தான் என்று அவர்கள் சொன்னார்கள். அவருடைய அண்ணன் மட்டும், தம்பி கண்டதைத்தான் தானும் கண்டார். தம் குடும்பத்துக் கண்களில் ஏதோ வித்தியாசம் இருக்கிறது என்று டால்டன் தெரிந்து கொண்டார்.

மறு ஆண்டு மான்செஸ்டரில் குடியேறினார். 1794 அக்டோபர் 31-ந் தேதி அந்த நகரத்து அறிஞர் சபையில் தம்முடைய குறையைப் பற்றித் தாமே கட்டுரை படித்தார். மரத்தின் பச்சை இலையும் சிவப்பு அரக்கும் அவருக்கு ஒன்றாகவே தெரிந்தன. வானவில்லில் நமக்கு ஏழு நிறம். அவருக்கு இரண்டு மூன்றுதான். துணியில் பட்டது ரத்தமா, சேறா என்று கூட அவரால் சொல்ல முடியவில்லை. தொழிற்சாலையில் வேலை செய்பவருக்கு இது எவ்வளவு பெரிய ஆபத்து!

பிறகு டால்டன் அணுக் கொள்கையை வகுத்துப் பெரும் புகழ் அடைந்தார். அதை எல்லோரும் பள்ளிக்கூடத்தில் படித்திருப்போம். ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழகம் அவருக்கு டாக்டர் பட்டம் கொடுத்தது. அதற்கு உரிய அங்கி நல்ல சிவப்பு. அவரோ ஆடம்பர நிறங்களை ஒதுக்கும் குவேக்கர் பிரிவைச் சேர்ந்தவர். ஆனாலும் அந்த அங்கியுடனேயே 1834-ல் மன்னரைக் காணப் போனார். அது அவர் கண்ணுக்குச் சிவப்பாகத் தெரிந்தால் அல்லவா கூச்சப்படுவார்!

கண்ணைக் கொடுத்தார்

தம் கண்ணுக்குள் இருக்கும் நீர் நீல நிறமாக இருக்க வேண்டும், அதனால்தான் சிவப்பு தெரியவில்லை என்று டால்டன் நம்பினார். தாம் இறந்த பிறகு கண்களை எடுத்துச் சோதிக்கும்படி கேட்டுக் கொண்டார். 1844 ஜூலை 27-ந் தேதி காலமானார். டாக்டர் ரான்சம் கண்களைச் சோதித்தார். நீலம் எதுவும் இல்லை. மேதையின் ஊகம் தவறு.

ஆனால் அந்தக் கண்களை எறிந்து விடவில்லை. 150 ஆண்டுகள் பத்திரமாக வைத்திருந்தார்கள். 1995-ல் அவற்றில் இருந்து மரபணுவை எடுத்து விஞ்ஞானிகள் ஆராய்ந்தார்கள். பச்சை ஒளியை நன்கு உணரும் நிறமிக்கான மரபணு அதில் இல்லை!

ரெயிலும் ஆலையும்

1875-ல் சுவீடன் நாட்டில் லாகர்லுண்டா என்ற இடத்தில் இரண்டு ரெயில்கள் மோதி 9 பேர் இறந்தார்கள். நிறக்குறைதான் காரணமாக இருக்கும் என்று ஹோல்ம்கிரன் என்ற பேராசிரியர் சந்தேகித்தார். இப்போதைய ஆராய்ச்சியாளர்கள் அதை முழுவதும் ஒப்பவில்லை. இருந்தாலும், வண்ணக் கம்பளி நூல்களைக் கொண்டு ரெயில்வே ஊழியர்களின் கண்களைச் சோதிக்கும் வழக்கம் அவரால் வந்தது. நாம் முன்பு சொன்ன புள்ளிப் படம், ஜப்பானிய டாக்டர் இஷிஹாரா 1917-ல் வெளியிட்டது.

ஆலைகளில் வைக்கும் எச்சரிக்கைப் பலகைகளுக்கு இந்தியத் தரக் குறியீடு 1980-ல் வந்தது. சிவப்பு தடை. மஞ்சள் எச்சரிக்கை. நீலம் கட்டாயம். பச்சை பாதுகாப்பு. நிறத்தோடு வடிவமும் உண்டு. தடைக்கு வட்டமும் குறுக்குக் கோடும், எச்சரிக்கைக்கு முக்கோணம். டால்டன் இன்று வந்தாலும் முக்கோணத்தைப் பார்த்து விலகிக் கொள்வார்.

குழாய்களின் சங்கதி வேறு. மோகனூரில் சேலம் கூட்டுறவு சர்க்கரை ஆலை இருக்கிறது. இத்தகைய ஆலைகளில் எத்தனையோ குழாய்கள் ஓடும். தரக் குறியீட்டின்படி தண்ணீர்க் குழாய்க்குக் கடல் பச்சை, நீராவிக்கு வெள்ளி நிறம், எண்ணெய்க்கு இளம் பழுப்பு. எல்லாம் ஒரே உருளை வடிவம். பச்சையும் பழுப்பும் டால்டனைப் போன்ற கண்களுக்கு எளிதில் குழம்பும். குழாயின் மேல் பெயரையும் தமிழில் பெரிதாக எழுதி விட்டால் அந்தக் குழப்பம் இல்லை.