யானை மிதித்தாலும் அறுந்துபோகாத கம்பி... இந்தியாவின் முதல் நெட்வொர்க்கைக் கட்டிய டாக்டர் ஓஷாக்னஸி யார்?

தை மாதம் திண்டுக்கல் மாவட்டம் சேவுகம்பட்டியில், சோலைமலை அழகர் பெருமாள் கோயில் வாழைப்பழச் சூறைத் திருவிழா. கூடை கூடையாகப் பழங்கள் பறக்கும். ஒரு கை பழத்தைப் பிடிக்கும், இன்னொரு கை செல்போனில் வீடியோ எடுக்கும். எல்லாரும் ஒரே நேரத்தில் அந்த வீடியோவை அனுப்பினால் என்ன ஆகும்? திரையில் வட்டம் சுத்திக்கிட்டே இருக்கும். ஆனால் கொஞ்ச நேரத்தில் வீடியோ போய்ச் சேர்ந்துவிடும்.

வழியில் எங்கேயோ ஜேசிபி பள்ளம் தோண்டி கேபிளை அறுத்துவிட்டாலும், பல நேரம் நமக்கு அது தெரிவதே இல்லை. செய்தி வேறு பாதையில் சுற்றிக்கொண்டு போய்விடுகிறது.

நெரிசல் வந்தால் எதை முதலில் அனுப்புவது, பாதை அறுந்தால் என்ன செய்வது? இந்த இரண்டு கேள்விகளையும் இந்தியாவில் முதலில் சந்தித்த நெட்வொர்க், தந்தி. அதைக் கட்டியவர் இன்ஜினீயர் இல்லை, ஒரு டாக்டர்.

யார் இந்த ஓஷாக்னஸி?

வில்லியம் புரூக் ஓஷாக்னஸி, அயர்லாந்தின் லிமரிக் நகரைச் சேர்ந்தவர். எடின்பரோவில் மருத்துவம் படித்தார். 1831-ல் பிரிட்டனில் காலரா பரவியபோது நோயாளிகளின் ரத்தத்தைச் சோதித்து, அதில் தண்ணீரும் உப்பும் குறைந்துபோயிருப்பதைக் கண்டுபிடித்தார். அடுத்த ஆண்டே தாமஸ் லாட்டா என்ற டாக்டர் உப்புநீரை நரம்பில் ஏற்றி நோயாளிகளைப் பிழைக்க வைத்தார். இன்றைக்கு ஆஸ்பத்திரியில் ஏற்றும் சலைன் பாட்டிலின் தொடக்கம் அதுதான்.

1833-ல் கிழக்கிந்தியக் கம்பெனியின் உதவி மருத்துவராக வங்காளம் வந்தார். பிறகு கல்கத்தா மருத்துவக் கல்லூரியில் வேதியியல் பேராசிரியர் ஆனார்.

மூங்கிலில் கம்பி, விரலில் ஷாக்

1839-ல் கல்கத்தா தாவரவியல் தோட்டத்தில் மூங்கில்களை நட்டு, 20 மைலுக்கு மேல் நீளமுள்ள கம்பியை வரிசை வரிசையாகக் கட்டினார். ஹூக்ளி ஆற்றுக்கு அடியிலும் கம்பியை இறக்கிப் பார்த்தார். மறுமுனையில் இருப்பவர் விரலில் ஏற்படும் லேசான ஷாக்கை வைத்தே செய்தியைப் புரிந்துகொள்ளும் முறையையும் சோதித்தார். சோதனை வெற்றி பெற்றும், கம்பெனி அரசு பத்து ஆண்டுகளுக்கு மேல் அதைக் கண்டுகொள்ளவில்லை.

டல்ஹவுசி கவர்னர் ஜெனரலான பிறகுதான் கதவு திறந்தது. 1850 நவம்பரில் கல்கத்தாவிலிருந்து டைமண்ட் ஹார்பருக்கு லைன் போடும் வேலை தொடங்கியது. இதில் அவருக்கு வலது கையாக இருந்தவர் சிப் சந்திர நந்தி என்ற வங்காளி. பிற்காலத்தில் பத்மா ஆற்றைக் கடக்க கேபிள் போட வேண்டி வந்தபோது, மீன்பிடிப் படகுகளை வாடகைக்கு எடுத்தே வேலையை முடித்தவர் இவர்.

ஏன் அவ்வளவு தடிமன்?

இங்கிலாந்தில் மெல்லிய கம்பி போதும். இந்தியாவில்? குரங்கு தொங்கும், பருந்தும் காக்கையும் கூட்டமாக உட்காரும், புயல் கம்பத்தைச் சாய்க்கும். சாய்ந்த கம்பியின் மேல் மாட்டு வண்டி ஏறும், யானை நடக்கும்.

இதையெல்லாம் தடுக்க முடியாது என்பது ஓஷாக்னஸிக்குத் தெரியும். அதனால் 3/8 அங்குலத் தடிமன் கொண்ட இரும்புக் கம்பியைத் தேர்ந்தெடுத்தார். கிட்டத்தட்ட சுண்டுவிரல் கனம். ஒரு மைலுக்குக் கிட்டத்தட்ட ஒரு டன் எடை. கம்பி தரையில் விழுந்து கிடந்தாலும் சட்டென்று அறுந்துபோகாது. தடிமன் அதிகம் என்பதால் மின்சாரமும் எளிதாகப் பாயும்.

கோளாறு வராது என்று நம்பவில்லை அவர். வந்தே தீரும், அப்போதும் வேலை ஓட வேண்டும் என்று கணக்குப் போட்டார். இன்றைய நெட்வொர்க் இன்ஜினீயர்களுக்கும் அதுதான் முதல் பாடம்.

5 மாதத்தில் ஆக்ரா

1852-ல் பர்மா போர்ச் செய்திகள் கப்பலில் ஆற்று முகத்துவாரத்துக்கு வந்ததும், அங்கிருந்து தந்தியில் உடனுக்குடன் கல்கத்தாவை எட்டின. டல்ஹவுசி அசந்துபோனார். நாடு முழுக்க லைன் போட அனுமதி கிடைத்தது.

1853 நவம்பரில் வேலை ஆரம்பம். 1854 மார்ச் 24-ல் 800 மைல் தொலைவில் உள்ள ஆக்ராவிலிருந்து கல்கத்தாவுக்கு முதல் செய்தி வந்தது. முதலில் அவசரத்துக்கு ஒரு தற்காலிக லைன், செய்தி ஓடத் தொடங்கிய பிறகு நிலையான கம்பங்கள் என்பது அவர் வழி. 1855 பிப்ரவரியில் கல்கத்தா, ஆக்ரா, பம்பாய், சென்னையை இணைத்து சுமார் 3,000 மைல் நெட்வொர்க் பொதுமக்களுக்குத் திறக்கப்பட்டது. 400 மைல் வரை 16 வார்த்தைக்குக் கட்டணம் 1 ரூபாய்.

நெரிசலை எப்படிச் சமாளித்தார்கள்?

ஒரே கம்பியில் அரசு செய்தி, வியாபாரி செய்தி எல்லாம் போக வேண்டும். அரசு செய்திக்கு முன்னுரிமை, மற்றவை வரிசையில் காத்திருக்கும். ஒவ்வொரு நிலையத்திலும் செய்தியை எழுதி வாங்கி, லைன் கிடைத்ததும் அடுத்த நிலையத்துக்கு மறுபடி அனுப்புவார்கள். இன்று இன்டர்நெட்டும் ஏறக்குறைய இதைத்தான் செய்கிறது. வீடியோவைச் சின்னச் சின்னத் துண்டுகளாக்கி, வழியில் உள்ள ஒவ்வொரு ரவுட்டரும் வாங்கி வைத்து அடுத்ததுக்குத் தள்ளிவிடுகிறது. நெரிசல் கூடினால் அனுப்பும் வேகம் குறையும், வழியில் தொலைந்த துண்டு மறுபடி அனுப்பப்படும். திருவிழாவில் வட்டம் சுத்துவது இதனால்தான்.

1857: நெட்வொர்க் அறுந்த நாள்

1857 மே 10 அன்று மீரட்டில் சிப்பாய்கள் கிளர்ந்தெழுந்தனர். டெல்லி–மீரட் லைன் அறுந்தது. மறுநாள் காலை, கோளாறு எங்கே என்று பார்க்க டெல்லி தந்தி அலுவலகப் பொறுப்பாளர் சார்லஸ் டாட் கிளம்பினார். அவர் திரும்பி வரவே இல்லை, வழியில் கொல்லப்பட்டார். லைன் பழுது பார்க்கப் போன ஒருவரின் உயிர் அது.

ஆனால் அம்பாலா பக்கம் போகும் கம்பி அறுபடவில்லை. டெல்லி செய்தி அதன் வழியாகப் பஞ்சாபுக்குப் பறந்தது. மே 13-ல் லாகூரில் இந்தியச் சிப்பாய்களின் ஆயுதங்கள் பறிக்கப்பட்டன. நெட்வொர்க் யார் கையில் இருக்கிறதோ அவர்களுக்குத்தான் சாதகம் என்பதைக் கிளர்ச்சியாளர்களும் புரிந்துகொண்டார்கள். 900 மைலுக்கும் மேற்பட்ட லைனை அழித்தார்கள்.

அப்போதுதான் ஓஷாக்னஸியின் நெட்வொர்க்கில் இருந்த பெரிய ஓட்டை வெளியே தெரிந்தது. கல்கத்தாவிலிருந்து சென்னைக்குச் செய்தி போக ஆக்ரா, பம்பாய் எனப் பாதி இந்தியாவைச் சுற்ற வேண்டும். வேறு பாதையே கிடையாது. நடுவில் அறுந்தது, அவ்வளவுதான், தொடர்பு காலி. கம்பி எவ்வளவு தடிமனாக இருந்தும் பயன் இல்லை.

சென்னைக்கு இரண்டாவது பாதை

அதன் பிறகு கிழக்குக் கடற்கரையை ஒட்டி கல்கத்தாவுக்கும் சென்னைக்கும் நேரடி லைன் போடப்பட்டது. ஒன்று அறுந்தால் இன்னொன்று. இன்றைய ஃபைபர் கேபிள்களைப் பல இடங்களில் வளையமாகப் போடுவதும் இதே காரணத்துக்காகத்தான். ஒரு பக்கம் வெட்டுப்பட்டால், மறுபக்கம் வழியாகச் செய்தி திரும்பிவிடும்.

கடைசிக் காலம்

1856-ல் சர் பட்டம் பெற்ற ஓஷாக்னஸி, 1860-களின் தொடக்கத்தில் இந்தியாவை விட்டு நிரந்தரமாகக் கிளம்பினார். பெயரையும் வில்லியம் ஓஷாக்னஸி புரூக் என்று மாற்றிக்கொண்டார். 1889-ல் இங்கிலாந்தில் காலமானார். அவர் தொடங்கி வைத்த தந்தி சேவை 2013 ஜூலையில் இந்தியாவில் நிறுத்தப்பட்டது.

தந்தி போய்விட்டது, அது கற்றுக்கொடுத்த பாடம் போகவில்லை. அடுத்த தையில் சேவுகம்பட்டியில் வீடியோ போகாமல் வட்டம் சுத்தினால், போனைத் தட்டுவதற்கு முன் கொஞ்சம் பொறுங்கள். உங்கள் செய்தி வரிசையில் நிற்கலாம், இல்லை வேறு ரூட்டில் சுற்றி வந்துகொண்டிருக்கலாம். அந்த இன்னொரு ரூட் இல்லாததன் விலை என்ன என்பதை 1857-லேயே இந்த நாடு பார்த்துவிட்டது.