மக்காவுக்குத் தண்ணீர் கொண்டு வந்த சுபைதா

துல்ஹஜ் மாதத்தின் எட்டாம் நாளுக்கு அரபு மொழியில் 'தர்வியா' நாள் என்று பெயர். தண்ணீர் நிரப்பிக்கொள்ளும் நாள் என்று அதற்குப் பொருள் சொல்வார்கள். மறுநாள் ஹஜ் பயணிகள் அரஃபாத் திடலில் பொழுது சாயும்வரை இருந்து வழிபட வேண்டும். பழங்காலத்தில் அங்கே குடிக்கத் தண்ணீர் இல்லை. எனவே முதல் நாளே தோல்பைகளை நிரப்பி ஒட்டகத்தில் ஏற்றிக்கொண்டுதான் புறப்படுவார்கள்.

அந்தத் திடலுக்கே தண்ணீர் வரவழைத்த பெண்மணி சுபைதா. நம் ஊர் முஸ்லிம் குடும்பங்களில் இன்றும் பெண் குழந்தைகளுக்கு வைக்கப்படும் பெயர்தான். ஆனால் அது அவருடைய இயற்பெயர் அன்று. பாக்தாத் நகரை உருவாக்கிய கலீஃபா அல்மன்சூர் இவருடைய தாத்தா. கொழுகொழுவென்று இருந்த பேத்தியை வெண்ணெய் உருண்டை என்று கொஞ்சி அவர் கூப்பிட்ட செல்லப் பெயர் வரலாற்றில் நிலைத்துவிட்டது.

'ஆயிரத்தொரு இரவுகள்' கதைகளில் வரும் ஹாரூன் ரஷீதுதான் சுபைதாவின் கணவர். 786-இல் ஹாரூன் கலீஃபா ஆனார். அரசியின் செல்வத்துக்கு அளவில்லை. அவருடைய மாளிகையில் குர்ஆனை மனனம் செய்த நூறு பணிப்பெண்கள் மாறி மாறி ஓதியதாகவும், அந்த ஓசை தேன்கூட்டின் ரீங்காரம் போலக் கேட்டதாகவும் பழைய நூல்கள் வருணிக்கின்றன.

அவர் பலமுறை ஹஜ் செய்தவர். மக்காவில் ஒரு தோல்பைத் தண்ணீர் ஒரு தீனாருக்கு விற்ற காலம் அது. தீனார் என்பது பொற்காசு. கையில் காசுள்ளவர் வாங்கிக் குடிப்பார். நடந்தே வந்த ஏழைப் பயணி எங்கே போவார்?

மக்காவைச் சுற்றிலும் மொட்டைப் பாறை மலைகள். ஏறக்குறைய பத்து மைல் தொலைவிலிருந்து பாறையைக் குடைந்து கால்வாய் கொண்டுவர வேண்டும். செலவு எக்கச்சக்கமாகும் என்று பொறுப்பாளர் தயங்கினாராம். பாறையில் விழும் ஒவ்வோர் அடிக்கும் ஒரு தீனார் ஆனாலும் வேலை நிற்கக் கூடாது என்று அரசி கட்டளையிட்டதாகச் சொல்லப்படுகிறது. ஹுனைன் பள்ளத்தாக்கிலிருந்து மக்காவுக்கும், நுஃமான் பள்ளத்தாக்கிலிருந்து அரஃபாத்துக்கும் தண்ணீர் வந்தது. மொத்தச் செலவு 17 லட்சம் தீனார் என்பது வரலாற்றாசிரியர்கள் தரும் கணக்கு. பணி முடிந்ததும் கணக்கேடுகளை அவர் டைக்ரிஸ் ஆற்றில் வீசச் சொன்னார் என்று ஒரு கதை உண்டு. உண்மையோ பொய்யோ, மக்கள் அவரை அப்படித்தான் நினைவில் வைத்திருக்கிறார்கள்.

அதோடு அவர் நிற்கவில்லை. ஈராக்கின் கூஃபாவிலிருந்து மக்காவுக்குப் பாலைவனத்தின் ஊடே ஆயிரம் கிலோமீட்டருக்கும் மேல் நீளும் ஹஜ் பாதை அவருக்கு முன்பே இருந்தது. அதன் நெடுகக் கிணறுகளும் நீர்த்தொட்டிகளும் தங்குமிடங்களும் அமைக்க அவர் வாரி வழங்கினார். பாதைக்கே 'தர்ப் சுபைதா', அதாவது சுபைதாவின் வழி, என்ற பெயர் வந்துவிட்டது.

ஆனால் அவருடைய பிற்கால வாழ்க்கை அவ்வளவு குளிர்ச்சியாக இல்லை. 809-இல் ஹாரூன் இறந்தார். சுபைதாவின் ஒரே மகன் அமீன் கலீஃபா ஆனார். அமீனைவிடச் சில மாதங்கள் மூத்தவர் மஃமூன். அவர் ஓர் அடிமைப் பெண்ணுக்குப் பிறந்தவர். தம் மகனுக்கே முதலிடம் என்பதில் சுபைதா உறுதியாக இருந்தவர். இதில் அவருக்குப் பங்கில்லை என்று சொல்லிவிட முடியாது. சகோதரர்களுக்குள் போர் மூண்டது. பாக்தாத் ஓராண்டுக்கும் மேல் முற்றுகையில் கிடந்தது. 813-இல் அமீன் கொல்லப்பட்டார்.

பழிவாங்கப் புறப்படுங்கள் என்று தூண்டியவர்களுக்கு அந்தத் தாய் செவிசாய்க்கவில்லை. கறுப்பு உடை உடுத்தி, தம் நிலையை விளக்கி மஃமூனுக்குக் கடிதம் எழுதினார்.

பன்னிரண்டு ஆண்டுகள் கழித்து மஃமூனுக்கும் பூரானுக்கும் நடந்த திருமணத்தில் சுபைதாவும் இருந்தார். விரும்பியதைக் கேள் என்று மஃமூன் சொன்னபோது, மணப்பெண் கேட்டவற்றுள் ஒன்று, சுபைதா ஹஜ்ஜுக்குப் போக அனுமதி. மஃமூன் சம்மதித்தார். சுபைதா, உமையா அரச குலத்தின் விலைமதிப்பற்ற மேலாடையை மணப்பெண்ணுக்கு அணிவித்து மகிழ்ந்தார். ஊரார் எல்லாம் போய்வர வழி செய்து கொடுத்தவருக்கு, அந்த வழியில் கால்வைக்க இன்னொருவர் பரிந்து பேச வேண்டியிருந்தது.

831-இல் பாக்தாத்தில் சுபைதா காலமானார்.

சுமார் 350 ஆண்டுகள் கழித்து, 1184-இல், ஸ்பெயினிலிருந்து ஹஜ் செய்ய வந்த இப்னு ஜுபைர் பாக்தாத் திரும்பியது இதே பாதையில்தான். சுபைதா அமைத்த தொட்டிகளும் கிணறுகளும் இல்லாவிட்டால் இந்த வழியில் எவரும் வர முடியாது என்று அவர் எழுதிவைத்தார். 16-ஆம் நூற்றாண்டில் கால்வாய் பழுதடைந்தபோது அதைச் சீர்ப்படுத்தப் பணம் கொடுத்தவரும் ஒரு பெண்தான்: துருக்கி சுல்தான் சுலைமானின் மகள் மிஹ்ரிமா.

இப்போது பயணிகள் விமானத்தில் வந்து இறங்குகிறார்கள். சவூதி பாலைவனத்தில் எஞ்சியிருக்கும் அந்தத் தொட்டிகளில் சில, நல்ல மழை பெய்தால் இன்னமும் நிரம்புகின்றன.