தொழிலாளரின் ஆயர் கெட்டலர்



திருச்சபையின் சமூகப் போதனை என்றதும், திருத்தந்தை 13ஆம் லியோ 1891ஆம் ஆண்டு மே மாதம் 15ஆம் திகதி வெளியிட்ட ரேரும் நோவாரும் என்னும் சுற்றுமடலே நம் நினைவுக்கு வரும். 2025ஆம் ஆண்டு தெரிவு செய்யப்பட்ட திருத்தந்தை 14ஆம் லியோ, தாம் அப்பெயரை ஏற்றதற்கான முதன்மைக் காரணமாக அம்மடலையே எடுத்துரைத்தார். ஆனால் அம்மடலுக்கு முன்னரே உழுது பண்படுத்தப்பட்ட ஒரு நிலம் இருந்தது. அதை உழுதவர்களுள் முதலிடம் பெறுபவர் ஜேர்மனியின் மைன்ஸ் மறைமாவட்ட ஆயர் வில்ஹெல்ம் இம்மானுவேல் வொன் கெட்டலர்.

1811ஆம் ஆண்டு, கிறிஸ்து பிறப்புப் பெருவிழா நாளன்று, முன்ஸ்டர் நகரில் பிரபுக் குடும்பமொன்றில் அவர் பிறந்தார். இளமையில் கோபம் மிகுந்தவர். கோட்டிங்கன் பல்கலைக்கழகத்தில் சட்டம் பயின்ற நாட்களில் சக மாணவரொருவருடன் வாட்போர் புரிந்து மூக்கின் நுனியை இழந்தார். பின்னாளில் ஆயரின் செங்கோலை ஏந்தியபோதும் அந்த வடு அவர் முகத்தில் இருந்தது. புனிதர்களின் வரலாறுகளில் இத்தகைய செய்திகளை நாம் விரைவாகக் கடந்துவிடுவதுண்டு. ஆனால் பின்னர் அநீதியைக் கண்டு கொதித்தவரும் இதே மனிதர்தான்.

கல்வி முடித்துப் பிரஷ்ய அரசின் சேவையில் அமர்ந்தார். கலப்புத் திருமணங்கள் தொடர்பான முரண்பாட்டில் 1837ஆம் ஆண்டு கொலோன் பேராயரை அரசு சிறைப்படுத்தியது. மனச்சாட்சியைப் பலியிடக் கோரும் அரசுக்குத் தம்மால் பணியாற்ற இயலாது எனக் கருதிய கெட்டலர், 1838இல் பதவியைத் துறந்தார். 1844இல் குருவாகத் திருநிலைப்படுத்தப்பட்டு, 1846இல் ஹொப்ஸ்டன் என்னும் எளிய கிராமத்தின் பங்குத்தந்தையானார். ஜேர்மனியெங்கும் விளைச்சல் பொய்த்துப் பஞ்சம் தலைவிரித்தாடிய காலம் அது. பிரபு குலத்தில் பிறந்தவர் ஏழை உழவர்களின் குடிசைகளுக்குள் நுழைந்து வறுமையை நேரில் கண்டார்.

1848ஆம் ஆண்டின் புரட்சி அவரைப் பிராங்பேர்ட் தேசிய சபைக்கு உறுப்பினராக அனுப்பியது. அவ்வாண்டு செப்டெம்பரில் அந்நகரில் மூண்ட கலகத்தில் சபை உறுப்பினர் இருவர் கொல்லப்பட்டனர். அவர்களின் அடக்கத்தின்போது அவர் ஆற்றிய உரை நாடெங்கும் அவர் பெயரைப் பரப்பியது. அதே ஆண்டின் இறுதியில் மைன்ஸ் பேராலயத்தில் சமூகப் பிரச்சினைகள் பற்றி ஆறு மறையுரைகளை நிகழ்த்த அழைக்கப்பட்டார்.

அந்த மறையுரைகளிலே நாம் சற்றுத் தரித்து நிற்க வேண்டும். மார்க்சும் ஏங்கல்சும் பொதுவுடைமை அறிக்கையை வெளியிட்டதும் அதே 1848ஆம் ஆண்டில்தான். தனியுடைமை களவேயெனப் பிரான்சில் புரூதோன் ஏற்கனவே எழுதியிருந்தார். செல்வந்தர்களோ தம் உடைமையை விரும்பியவாறு பயன்படுத்தும் உரிமைக்கு எல்லையே இல்லை என்று நம்பினர். பேராலயத்தில் திரண்டிருந்தோரில் பலர் புரட்சியைக் கண்டு அஞ்சி, குருவானவர் தம் சொத்துக்கு அரணாகப் பேசுவார் என எதிர்பார்த்திருக்கவும் கூடும்.

கெட்டலரோ ஏறக்குறைய அறுநூறு ஆண்டுகள் பின்சென்று புனித தோமஸ் அக்குவைனாசைத் துணைக்கு அழைத்தார். உலகப் பொருட்கள் அனைத்துக்கும் முழுமையான உரிமையாளர் இறைவன் ஒருவரே. மனிதனுக்கு அவற்றைப் பராமரித்து நிருவகிக்கும் உரிமை உண்டு. ஆதலால் தனியுடைமை நியாயமானதே. ஆனால் அவற்றின் பயனைப் பொறுத்தவரை, அவை எல்லோருக்கும் பொதுவானவை என்ற மனத்துடன், தேவையில் இருப்போருடன் பகிர்ந்துகொள்ளக் கடமைப்பட்டுள்ளான். இதுவே தோமசின் கோட்பாடு. இதை எடுத்துரைத்த கெட்டலர், பொதுவுடைமையை மறுத்ததுடன் நிற்கவில்லை. கடவுளை மறந்த உடைமை உரிமையே ஏழைகளுக்கு எதிரான ஓயாத களவு என்றும், புரூதோனின் கூற்றில் அச்சந்தரும் உண்மையொன்று பொதிந்துள்ளதென்றும் துணிந்து கூறினார். இப்படிப்பினை அவருடைய கண்டுபிடிப்பன்று. திருச்சபைத் தந்தையரான பசிலியாரும் அம்புரோசியாரும் போதித்ததே. மறக்கப்பட்டதை அவர் மீண்டும் மேடையேற்றினார்.

நோயை இவ்வளவு தெளிவாக அறிந்தவர் அப்போது சொன்ன மருந்து என்ன? உள்ளத்தின் மனமாற்றமும் பிறரன்பும் மாத்திரமே. அது போதாது என்பதை அவர் உணர்வதற்குப் பல ஆண்டுகள் சென்றன.

1850இல் மைன்சின் ஆயரானார். மறு ஆண்டே கல்விக்கும் நோயாளர் பணிக்குமென இறைபராமரிப்பு அருட்சகோதரிகள் சபையை நிறுவினார். இதற்கிடையே தொழிற்சாலைகள் பெருகின. நாள் முழுதும் உழைத்தும் உயிர்வாழ மட்டுமே போதுமான கூலியைப் பெற்ற குடும்பங்களைக் கண்டபோது, தர்மம் கொடுத்து இக்காயத்தை ஆற்ற முடியாது என்று தெளிந்தார். 1864இல் தொழிலாளர் பிரச்சினையும் கிறிஸ்தவமும் பற்றி நூலொன்றை வெளியிட்டு, தொழிலாளரே உரிமையாளராகும் உற்பத்திக் கூட்டுறவுகளைப் பரிந்துரைத்தார். அவற்றை அமைப்பது பற்றிச் சமவுடைமைத் தலைவர் லாசாலிடம் தம் பெயரை வெளியிடாமல் கடிதம்மூலம் ஆலோசனை கேட்டார். ஓர் ஆயர் இப்படிச் செய்வது அன்று எண்ணிப் பார்க்கவும் அரிதான காரியம். (அதே ஆண்டு லாசால் உயிரிழந்ததும் ஒரு துவந்த யுத்தத்தில்தான்.) கூட்டுறவுகளுக்கான முதலைக் கிறிஸ்தவச் செல்வந்தர்கள் மனமுவந்து வழங்குவார்கள் என ஆயர் நம்பினார். அவர்கள் வழங்கவில்லை.

அவர் சோர்ந்துவிடவில்லை, தம் கருத்தை மீண்டும் மாற்றிக்கொண்டார். என் பார்வையில் அவருடைய பெருமை இங்கேதான் உள்ளது. 1869ஆம் ஆண்டு ஜூலை 25ஆம் திகதி, ஒபன்பாக் நகருக்கு அண்மையில் உள்ள அன்னை மரியாளின் யாத்திரைத் தலமொன்றில் ஏறக்குறைய பத்தாயிரம் தொழிலாளர் முன்னிலையில் உரையாற்றினார். கூலி உயர்வு, வேலை நேரக் குறைப்பு, ஓய்வு நாள், பாடசாலை வயதுச் சிறுவர்களைத் தொழிற்சாலைகளில் அமர்த்தத் தடை, தாய்மாரும் இளம்பெண்களும் அங்கு வேலை செய்வதற்குத் தடை ஆகிய கோரிக்கைகள் நீதியானவை என்று அறிவித்தார். தொழிலாளர் ஒன்றிணைவதையும் ஆதரித்தார். கூடவே, உயர்த்திக் கேட்கும் கூலியை மதுக்கடையில் தொலைத்துவிட வேண்டாமென்று அவர்களையும் எச்சரிக்கத் தவறவில்லை. பெண்களின் தொழில் பற்றிய அவருடைய கருத்தை இன்று நாம் அப்படியே ஏற்கப் போவதில்லை. ஆனால் அன்றைய தொழிற்சாலைகளின் நிலையை எண்ணிப் பார்த்தே அதனை எடைபோட வேண்டும். ரைன் பிரதேசத்தில் பயணம் செய்த கார்ல் மார்க்ஸ் அவ்வாண்டு ஏங்கல்சுக்கு எழுதிய கடிதத்தில், தொழிலாளரோடு உறவாட முற்படும் குருமாருள் கெட்டலரின் பெயரைக் குறிப்பிட்டு எரிச்சலைக் கொட்டியிருக்கிறார்!

முதலாம் வத்திக்கான் சங்கத்தில் திருத்தந்தையின் வழுவாவரத்தை அவ்வேளையில் வரையறுப்பது உகந்ததல்ல என வாதிட்ட அவர், 1870இல் சங்கம் அதை வரையறுத்த பின்னர் தாழ்ச்சியுடன் ஏற்றுக்கொண்டார். பிஸ்மார்க் திருச்சபையை நெருக்கிய ஆண்டுகளில் இடைவிடாது எழுதினார். 1877இல் உரோமையிலிருந்து திரும்பும் வழியில் நோயுற்று, பவேரியாவின் பேர்க்ஹவுசன் கபுச்சின் துறவு மடத்தில் ஜூலை 13ஆம் திகதி இறைவனடி சேர்ந்தார். மறு ஆண்டு திருத்தந்தையான 13ஆம் லியோ, இவரைத் தமது முன்னோடியாக மதித்தார். திருத்தந்தை 16ஆம் பெனடிக்ற், 2005ஆம் ஆண்டுச் சுற்றுமடலில் இவரைப் பெயர் குறித்து நினைவுகூர்ந்தார்.

ஆயர் இறந்த அதே 1877ஆம் ஆண்டின் மார்ச் மாதத்தில், அவருடைய மருமகனான காலன் பிரபு ஜேர்மன் பாராளுமன்றத்தில் தொழிலாளர் பாதுகாப்புக்கான பிரேரணையொன்றை முன்வைத்தார். அது நிறைவேறவில்லை. ஞாயிறு ஓய்வை உறுதிசெய்து, பாடசாலை வயதுச் சிறுவர்களைத் தொழிற்சாலைகளிலிருந்து விலக்கிய சட்டம் ஜேர்மனியில் 1891ஆம் ஆண்டு ஜூன் முதலாம் திகதி பிறப்பிக்கப்பட்டது. ரேரும் நோவாரும் வெளிவந்து அப்போது பதினேழு நாட்களே ஆகியிருந்தன.