இளவரசிகளைக் காத்த மேரி சீமாட்டி

அரண்மனையில் பிறந்த குழந்தைக்கு என்ன குறை? பாலூட்டச் செவிலியர் உண்டு. காவலுக்குச் சேவகர் உண்டு. நாடி பார்க்க ராஜ வைத்தியர் உண்டு. ஆயினும் பெரியம்மை என்னும் கொடிய நோய் காவலைக் கண்டு அஞ்சவில்லை. 1694-ல் இங்கிலாந்து ராணி இரண்டாம் மேரி அந்நோயால் மாண்டார். 1711-ல் பிரெஞ்சு மன்னர் பதினான்காம் லூயியின் பட்டத்து இளவரசரும், வியன்னாவிலிருந்து அரசாண்ட பேரரசர் முதலாம் ஜோசப்பும் அதற்கே பலியாயினர். ராஜ வைத்தியர்கள் கைபிசைந்து நின்றனர். அத்தகைய காலத்தில் ஆங்கில அரச குழந்தைகளுக்கு ஒரு பாதுகாப்பைக் காட்டிக் கொடுத்தவர் மேரி வோர்ட்லி மாண்டேகு சீமாட்டி. அதை அவர் கற்றுக்கொண்ட இடம் துருக்கி.

மேரி 1689-ல் ஒரு பிரபுவின் மகளாகப் பிறந்தார். பெண்களுக்குக் கல்வி எட்டாதிருந்த அந்நாளில், தந்தையின் நூலகத்தில் அமர்ந்து தாமாகவே லத்தீன் மொழியைப் பயின்றார். தந்தை பார்த்த மாப்பிள்ளையை மறுத்து, 1712-ல் எட்வர்ட் வோர்ட்லி மாண்டேகுவை மணந்தார். மறு ஆண்டே அவருடைய ஒரே தம்பி பெரியம்மையால் இறந்தார். 1715-ன் இறுதியில் மேரியையும் அந்நோய் பற்றியது. உயிர் தப்பியது, ஆனால் அழகுக்குப் பேர்போன அவர் முகத்தில் தழும்புகள் நிலைத்தன. கண்ணிமை முடிகளும் உதிர்ந்து போயின.

1716-ல் அவருடைய கணவர் உதுமானியா சுல்தான் மூன்றாம் அஹ்மது அவர்களின் சமூகத்திற்குத் தூதராக நியமிக்கப்பட்டார். மேரியும் உடன் சென்றார். அங்குள்ள பெண்களோடு பழகி, துருக்கி மொழியும் சிறிது கற்றார். வெயில் தணியும் செப்டம்பர் மாதத்தில், இத்தொழிலில் கைதேர்ந்த மூதாட்டிகள் வீடு வீடாக வருவதை அவர் அறிந்தார். லேசாக அம்மை கண்டவரின் கொப்புளத்திலிருந்து எடுத்த சீழைக் கொட்டை ஓட்டில் வைத்துக்கொண்டு, ஊசியால் தோலைக் கீறி, ஊசிமுனை அளவே அதில் தடவிக் கட்டுவர். சுமார் ஒரு வாரம் குழந்தைகள் ஓடி விளையாடுவர். பின்பு காய்ச்சல் கண்டு இரண்டு மூன்று நாட்கள் படுத்திருப்பர். சில கொப்புளங்கள் தோன்றி மறையும். அதன்பின் பெரியம்மை அவர்களை அணுகாது.

கேட்டதோடு மேரி நிற்கவில்லை. 1718 மார்ச்சில் ஐந்து வயதை எட்டவிருந்த தம் மகனுக்கே இதைச் செய்வித்தார். கிரேக்க மூதாட்டி ஒருவரும், தூதரகத்தின் சத்திர வைத்தியர் சார்லஸ் மெய்ட்லண்டும் ஆளுக்கொரு கையில் குத்தினர். பையன் நலமாகத் தேறினான்.

1721-ல் லண்டனில் பெரியம்மை பரவியது. மேரி தம் மூன்று வயது மகளுக்கும் மெய்ட்லண்டைக் கொண்டு அம்மை குத்துவித்தார். ராஜ வைத்தியர்கள் அதை நேரில் வந்து பார்த்தனர். பட்டத்து இளவரசரின் மனைவி கரோலின் இச்செய்தியை ஆவலுடன் கேட்டார். ஏனெனில் முந்திய ஆண்டில்தான் அவருடைய மூத்த மகள் ஆன் பெரியம்மையில் கிடந்து பிழைத்திருந்தாள்.

ஆனால் அரசகுலத்துப் பிள்ளைகளை உடனே துணிந்து ஒப்படைப்பார்களா? 1721 ஆகஸ்டில் நியூகேட் சிறையில் மரண தண்டனை பெற்றிருந்த ஆண்கள் மூவருக்கும் பெண்கள் மூவருக்கும், விடுதலை தருவதாகச் சொல்லி, அம்மை குத்தினர். அறுவரும் பிழைத்து விடுதலை அடைந்தனர். பிறகு அநாதைக் குழந்தைகள் சிலருக்குக் குத்திப் பார்த்தனர். அதன்பின்னரே, 1722 ஏப்ரலில், பத்து வயது அமீலியாவுக்கும் எட்டு வயது கரோலினுக்கும் குத்தப்பட்டது. இளவரசிகள் இருவரும் நலமடைந்தனர். 1724-ல் ஹானோவரில் இருந்த அவர்களுடைய அண்ணன் பிரெடரிக்குக்கும் மெய்ட்லண்டே சென்று குத்தினார்.

எதிர்ப்பும் எழுந்தது. பாதிரிமார் சிலர் பிரசங்க மேடையில் கண்டித்தனர். எழுத்தறியாப் பெண்கள் செய்யும் வேலையை நாம் ஏற்பதா என்று வைத்தியர் சிலர் ஏளனம் செய்தனர். அச்சத்திற்குக் காரணமும் இல்லாமலில்லை. அதே 1722-ல் பிரபு ஒருவரின் சிறு மகன் அம்மை குத்தியபின் இறந்து போனான். குத்திக்கொண்டவரிடமிருந்து நோய் பிறருக்குத் தொற்றவும் கூடும். ஜேம்ஸ் ஜூரின் என்னும் வைத்தியர் கடிதங்கள் எழுதிக் கணக்குச் சேகரித்தார். தானாக வந்த அம்மையில் ஆறேழு பேருக்கு ஒருவரும், குத்திக்கொண்டவரில் ஏறக்குறைய ஐம்பது பேருக்கு ஒருவரும் இறந்ததாக அக்கணக்குக் காட்டியது.

நம் வணிகப் பெருமக்களுக்குச் சுவையான செய்தி ஒன்றுண்டு. 1722-ல் மேரி தம் பெயரை மறைத்து, ஒரு துருக்கி வியாபாரி எழுதியதைப்போல் பத்திரிகையில் கட்டுரை வெளியிட்டார். துருக்கியோடு வாணிபம் செய்துவந்த ஆங்கிலேயரை அந்நாளில் அவ்வாறு அழைப்பர். மூதாட்டிகளின் எளிய முறையை விட்டுவிட்டு, ஆழமாகக் கீறியும் பேதிக்குக் கொடுத்தும் இரத்தம் எடுத்தும் வைத்தியர்கள் குழந்தைகளை வதைப்பதை அதில் அவர் கடிந்தார்.

மேரி 1762-ல் காலமானார். அவருடைய துருக்கிக் கடிதங்கள் மறு ஆண்டு நூலாயின. 1796-ல் எட்வர்ட் ஜென்னர் மாட்டம்மையைக் கொண்டு அதிக ஆபத்தில்லாத முறையைக் கண்டார். பெரியம்மை உலகைவிட்டே ஒழிந்ததென்று 1980-ல் உலக சுகாதார ஸ்தாபனம் அறிவித்தது.

அரண்மனை, தன் குழந்தைகளுக்கு முன்பாகக் கைதிகளையும் அநாதைகளையும் சோதனைக்கு நிறுத்தியது. மேரியோ தாம் பெற்ற பிள்ளைகளை முதலில் நிறுத்திவிட்டுத்தான் ஊராருக்குச் சொன்னார். தாம் வாங்கத் துணியாத சரக்கை அவர் பிறருக்கு விற்கவில்லை. அவர் பேச்சுக்கு மதிப்பைத் தந்தது அந்த நாணயமே.