5 வெடியை வெடிச்சா மொத்த சரக்கையும் கணிக்க முடியுமா? வழி சொன்ன பீர் ஆலை ஊழியர்.. யார் இந்த 'ஸ்டூடண்ட்'?

விருதுநகர் மாவட்டம் சிவகாசியில் தயாராகும் ஒரு அணுகுண்டு வெடியின் சத்தத்தை, அதை வெடிக்காமல் அளக்க முடியாது. வெடிச்சுட்டா விற்க முடியாது! அதனால் நாலைந்தை மட்டும் வெடித்துப் பார்த்து மொத்த சரக்குக்கும் தீர்ப்பு சொல்ல வேண்டும். தீர்ப்பு தப்பானால் ஒன்று, நல்ல சரக்கு முடங்கும். இல்லைன்னா காதைக் கிழிக்கும் வெடி கடைக்குப் போயிடும்.

இந்தச் சிக்கலுக்கான கணக்கை 1908-லேயே கொடுத்தவர் வில்லியம் சீலி கோசெட். அவர் பட்டாசுக்காக அதைப் போடவில்லை, பீருக்காகப் போட்டார்.

டப்ளினில் வேலை

1876 ஜூன் 13-ல் இங்கிலாந்தின் கேன்டர்பரியில் பிறந்த கோசெட், ஆக்ஸ்போர்டில் கணிதமும் வேதியியலும் படித்தார். 1899-ல் அயர்லாந்து தலைநகர் டப்ளினில் உள்ள கின்னஸ் பீர் ஆலையில் சேர்ந்தார்.

எந்த பார்லி ரகம் நல்லது என்று பார்க்க ஒரு விளைச்சல் காலம் முழுக்கக் காத்திருக்கணும். கையில் கிடைப்பதோ சில அளவுகள்தான். அன்றைய புள்ளியியல் சூத்திரங்கள் நூற்றுக்கணக்கான அளவுகளுக்கே பொருந்தின. வழி தேடி 1906-ல் லண்டன் பேராசிரியர் கார்ல் பியர்சனிடம் போனார்.

3000 அட்டைகள்

3000 குற்றவாளிகளின் உயரம், விரல் நீளம் பற்றிய விவரங்களை அட்டைகளில் எழுதி, நன்றாகக் குலுக்கி, நாலு நாலாகப் பிரித்தார். மொத்தம் 750 குழுக்கள். சிறிய மாதிரியில் சராசரி எவ்வளவு தடுமாறும் என்ற தன் கணக்கை இப்படிச் சரிபார்த்தார்.

ஊழியர்கள் சொந்தப் பெயரில் ஆய்வு வெளியிட ஆலை அனுமதிக்கவில்லை. அதனால் 1908-ல் 'பயோமெட்ரிகா' இதழில் 'ஸ்டூடண்ட்' என்ற புனைபெயரில் கட்டுரை வந்தது.

சரி, கணக்கு எப்படி?

விதிப்படி 4 மீட்டர் தூரத்தில் வெடிச் சத்தம் 125 டெசிபலைத் தாண்டக் கூடாது. உதாரணத்துக்கு 5 வெடிகள் 124, 126, 127, 127, 128 என்று காட்டுவதாக வைத்துக்கொள்வோம். சராசரி 126.4.

உடனே சரக்கு ஃபெயிலா? அவசரப்படக் கூடாது. உண்மையான சராசரி 125தான் என்று முதலில் எடுத்துக்கொள்ள வேண்டும். அளவுகளின் சிதறலையும் எண்ணிக்கையையும் வைத்துப் போடும் திட்டப்பிழை இங்கே 0.68. கூடுதலாக உள்ள 1.4-ஐ அதனால் வகுத்தால் 2.06.

நல்ல சரக்கைத் தப்பாக ஒதுக்கும் வாய்ப்பு 5 சதவீதத்துக்குள் இருக்கணும் என்றால், பழைய முறையில் எல்லை 1.645. அதன்படி சரக்கு ஃபெயில். ஆனால் வெறும் 5 வெடியில் சிதறலையே சரியாக அளக்க முடியாது என்பதால், கோசெட் வழியில் எல்லை 2.13. அதை இந்த அளவு தாண்டவில்லை. ஃபெயில் என்று சொல்ல ஆதாரம் போதாது.

அதுக்காக சரக்கு பாஸ் என்றும் அர்த்தமில்லை. இன்னும் சில வெடிகளை வெடித்துப் பார்க்கணும்.

பெயர் மட்டும் மாறவில்லை

பின்னர் ரொனால்ட் ஃபிஷர் இந்த முறையை விரிவாக்கி, 1925-ல் வெளிவந்த தன் நூல் மூலம் பரப்பினார். ஃபிஷரும் பியர்சனும் பகையாளிகள். கோசெட் இருவருக்கும் நண்பராகவே இருந்தார். 1937-ல் தலைமை பீர் தயாரிப்பாளரான அவர், அதே ஆண்டு அக்டோபர் 16-ல் 61 வயதில் காலமானார்.

கல்லூரிப் பாடத்தில் இன்றும் அது 'ஸ்டூடண்ட் டி-டெஸ்ட்' தான். கோசெட் பெயர் அதில் இல்லை!