பேப் ஸஹாரியாஸ் அம்மையார்

கோலாற் சிறு பந்தையடித்துப் பரந்த புற்றரையிலுள்ள பதினெட்டுக் குழிகளில் ஒன்றன்பின் ஒன்றாக வீழ்த்துவது கோல்ப் ஆட்டம். அடிகள் எவர்க்குக் குறைவோ அவர்க்கே ஜயம். தாமிரபரணிக் கரையில் நெல்லும் வாழையும் கண்டு வளர்ந்த ஏரல்வாசிகளாகிய எமக்கு இது புதிதே. எனினும், இவ்வாட்டத்தையே ஜீவனோபாயமாகக் கொண்ட ஒரு மாதரசியின் சரித்திரம் எம்முள்ளத்தைக் கவர்ந்தமையின், ஈண்டு வரையத் துணிந்தோம்.

மில்ட்ரெட் எல்லா டிட்ரிக்ஸன் என்பது இவரது இயற்பெயர். பேப் என்பது வழங்குபெயர். அமெரிக்காவில் டெக்ஸாஸ் மாகாணத்துப் போர்ட் ஆர்தர் என்னும் துறைமுகப் பட்டினத்தில், 1911-ஆம் ஆண்டு ஜூன் 26-ஆம் தேதி, நார்வேயினின்று குடியேறிய தச்சர் ஒருவர்க்கு எழுவருள் ஆறாம் மகவாகப் பிறந்தார். அத்தகைய இல்லத்தின் செல்வநிலையைத் தூத்துக்குடியை அறிந்தார் ஊகித்துக்கொள்வர்.

1932-ல் அமெரிக்கப் பெண்கள் ஓட்டப்பந்தயங்களில் இவர் தனியொருவராகவே ஓர் அணியாகி 30 புள்ளிகள் பெற்றார். அடுத்து நின்ற அணியினர் இருபத்திருவரும் சேர்ந்து பெற்றவை 22. அவ்வாண்டே லாஸ் ஏஞ்சல்ஸ் ஒலிம்பிக்கில் ஈட்டியெறிதலிலும் தடையோட்டத்திலும் பொற்பதக்கம் பெற்றார். உயரந்தாண்டலில் முதல்வரோடொத்த உயரத்தைத் தாண்டியும், தலையை முன்னிட்டுப் பாய்ந்தாரென்று வெள்ளியே அளித்தனர்.

பதக்கம் பசி தீர்க்குமோ? ஊதியம் பெற்றுக் காட்சியாட்டங்கள் ஆடினார். அதுவே வினையாயிற்று. நாடக சபைகளில் அமெச்சூர் என்றும் தொழில்முறையார் என்றும் பாகுபாடு உண்டன்றோ? கோல்பிலும் அஃதுண்டு. 1935-ல் டெக்ஸாஸ் பெண்கள் பந்தயத்தில் இவர் வென்ற சின்னாட்களில், பிற விளையாட்டுகளிற் பணம் பெற்றவர் என்று காட்டி, அமெரிக்கக் கோல்ப் சங்கத்தார் இவரை அமெச்சூர் பந்தயங்களினின்று விலக்கினர். தொழில்முறைப் பெண்டிர்க்கோ அந்நாளில் பந்தயங்கள் மிகச் சில. செல்வர் மனைப் பெண்டிர் பொருள் வேண்டாது ஆடலாம். தச்சர் மகள் யாது செய்வாள்? இவ்விதி எமக்கு நேர்மையாகத் தோன்றவில்லை.

1938-ல் மல்லர் ஜார்ஜ் ஸஹாரியாஸை மணந்தார். பின்னர் ஆட்ட ஊதியத்தைத் துறந்து காத்திருந்து, 1943-ல் அமெச்சூர் உரிமையை மீண்டும் பெற்றார். 1946-ல் அமெரிக்கப் பெண்கள் பட்டமும், 1947-ல் பிரிட்டிஷ் பெண்கள் பட்டமும் இவருடையவாயின. பின்னதை வென்ற முதல் அமெரிக்கர் இவரே. மீளவும் தொழில்முறை புகுந்தார். இம்முறை எவரும் விலக்கியன்று, தாமே விரும்பி. 1950-ல் வேறு பன்னிரு பெண்டிரோடு கூடித் தொழில்முறைக் கோல்ப் மாதர் சங்கத்தை நிறுவினார். கதவடைத்தாரைக் கெஞ்சாது தமக்கென ஒரு வீடே கட்டிக்கொண்டனர் எனலாம்.

1953-ல் பெருங்குடலிற் புற்றுநோய் கண்டது. ரணசிகிச்சை செய்து, கழிவு செல்ல வயிற்றில் வேறு வழி அமைத்தனர். அந்நோயின் பெயரையே பலர் மறைத்த காலத்தில் இவர் அதை வெளிப்படையாகப் பேசினார். மறு ஆண்டு ஜூலையில் பீபடி நகரில் அமெரிக்கப் பெண்கள் ஓப்பன் பந்தயத்தில், அடுத்தவரினும் பன்னிரண்டு அடிகள் குறைவாக ஆடி, அப்பட்டத்தை மூன்றாம் முறை வென்றார்.

1955-ல் நோய் திரும்பிற்று. 1956 செப்டம்பர் 27-ல், கால்வெஸ்டன் நகரில், தமது நாற்பத்தைந்தாம் வயதிற் காலமானார்.