கிளேர் வழங்கிய தீர்ப்பு

ஒரு தொகுதியிலே வெற்றி யாருக்கு என்று கணக்குப் போடுவோர் எதை எதையோ எண்ணுவார்கள். யாரிடம் எத்தனை காணி, எந்த மாளிகைக்கு எத்தனை குத்தகைக்காரர், எந்தக் குடும்பத்துக்கு எந்தக் குடும்பம் உறவு என்று விரல்விட்டுக் கூட்டுவார்கள், கழிப்பார்கள், முடிவும் கூறிவிடுவார்கள். அந்தக் கணக்கிலே ஒன்று மட்டும் விட்டுப்போகும். ஓட்டளிக்கப் போகிறவனின் உள்ளம்! 1828-ஆம் ஆண்டு, அயர்லாந்திலே, கிளேர் என்ற நாட்டுப்புறத் தொகுதியிலே, விட்டுப்போன அந்த ஒன்றுதான் வெள்ளைப் பேரரசின் கணக்கையே புரட்டிப் போட்டது. அந்த உள்ளங்களைத் தட்டி எழுப்பியவர் டேனியல் ஓகானல். அவருடைய வாழ்வை நாம் எடுத்துரைப்பது புகழ்மாலை சூட்டுவதற்கு மட்டுமல்ல. வெற்றி தேடித் தந்தவர்களுக்கு, வெற்றிக்குப் பிறகு என்ன கிடைத்தது என்று கேட்பதற்காகவும்தான்.

1775-ஆம் ஆண்டு, கெர்ரி மாவட்டத்திலே பிறந்தார் ஓகானல். வசதி படைத்த பெரியப்பா அவரை வளர்த்தார், பிரான்சு நாட்டுக்கு அனுப்பிப் படிக்க வைத்தார். படிக்கப் போன இடத்திலே புரட்சி வெடித்தது. 1793-இல் பிரான்சை விட்டு வெளியேறிய இளைஞரின் மனத்திலே இரண்டு எண்ணங்கள் வேர்விட்டிருந்தன. அடிமைத்தனம் ஆகாது என்பது ஒன்று. இரத்தம் சிந்திப் பெறும் விடுதலை வேண்டாம் என்பது மற்றொன்று. 1798-இல் வழக்கறிஞரானார். 1815-இல், அக்கால வழக்கப்படி நடந்த துப்பாக்கிச் சண்டையிலே எதிரியைச் சுட்டு வீழ்த்த நேர்ந்தது. அந்த உயிரின் சுமை அவர் நெஞ்சைவிட்டு இறங்கவே இல்லை.

அன்றைய அயர்லாந்தின் நிலை என்ன? மக்களில் மிகப் பெரும்பாலோர் கத்தோலிக்கர்; நிலமும் அதிகாரமும் பெரும்பாலும் புரொட்டஸ்டண்டுச் சீமான்களிடம். 1801-இலிருந்து டப்ளின் பாராளுமன்றமும் இல்லை, எல்லாம் இலண்டனிலே. கத்தோலிக்கர் 1793 முதல் ஓட்டளிக்கலாம். ஆனால் பாராளுமன்றத்திலே அமர முடியாது. அமர வேண்டுமானால், தம் மதத்தையே இழித்துரைக்கும் உறுதிமொழியை எடுத்தாக வேண்டும். பல்லக்கைத் தூக்கலாம், பல்லக்கிலே ஏறக்கூடாது! இதுதான் அன்றைய நீதி.

ஓகானல் 1823-இல் கத்தோலிக்கச் சங்கத்தைத் தொடங்கினார். அடுத்த ஆண்டு ஒரு புதுமை செய்தார். மாதம் ஒரு பென்னி கொடுத்தால் போதும், எந்த ஏழையும் சங்கத்தைச் சேர்ந்தவனே என்றார். கோயில் வாயில்களிலே பென்னிகள் குவிந்தன. பென்னியிலே பெரிதில்லை, அதைக் கொடுத்தவன் இந்த இயக்கம் என்னுடையது என்று நிமிர்ந்தானே, அதுதான் பெரிது.

1828-இலே கிளேர் தொகுதியின் உறுப்பினர் வெஸ்ஸி பிட்ஸ்ஜெரால்டு அமைச்சரானார். அமைச்சராகிறவர் மீண்டும் தேர்தலிலே நின்று வெல்லவேண்டும் என்பது அந்நாளையச் சட்டம். அவர் கொடியவரும் அல்லர். கத்தோலிக்கருக்கு உரிமை வழங்கலாம் என்று கருதியவர்தான். நிலப்பிரபுக்கள் அவர் பக்கம், அரசாங்கம் அவர் பக்கம், ஓட்டோ பகிரங்க ஓட்டு! இன்னாருக்கு என்று பலரறிய வாய்விட்டுச் சொல்லவேண்டும். சொல்வதை மேலாளும் கேட்டுக்கொண்டிருப்பான். இரகசிய வாக்குமுறை 1872-இல்தான் வந்தது. பிட்ஸ்ஜெரால்டுக்குத் தோல்வி உண்டு என்று எந்தக் கணக்கனால் எண்ண முடியும்?

ஓகானல் சட்டத்தைப் புரட்டிப் பார்த்தார். கத்தோலிக்கன் சபையிலே அமரத்தான் தடை. தேர்தலிலே நிற்கத் தடை இல்லை! நின்றார். என்னிஸ் நகரிலே வாக்கெடுப்பு. பாதிரிமார் முன்செல்ல, அணி அணியாக வந்தார்கள் குடியானவர்கள். ஆண்டுக்கு நாற்பது ஷில்லிங், அதாவது இரண்டு பவுன், மதிப்புள்ள நில உரிமையால் ஓட்டுப் பெற்றவர்கள் அவர்கள். தம் செல்வாக்கைப் பெருக்கிக்கொள்ளச் சீமான்களே அப்படிப்பட்ட குத்தகைகளைக் கொடுத்து உண்டாக்கிய ஓட்டுகள் அவற்றில் பல. மந்தைபோல் ஓட்டிச் செல்லலாம் என்று எண்ணித்தான் உண்டாக்கினார்கள். ஆனால் மந்தை என்று நினைத்தது மனிதக் கூட்டம் என்பது அன்று தெரிந்தது! மதுவைத் தொடவில்லை, கலகம் செய்யவில்லை. நாளை குடிசை பறிபோகலாம் என்று தெரிந்தும், நிலத்துக்குரியவன் கண்ணெதிரே நின்று ஓகானல் பெயரைச் சொன்னார்கள். ஓகானலுக்கு 2,057; அமைச்சருக்கு 982.

வாட்டர்லூவிலே நெப்போலியனை வென்ற வெல்லிங்டன் அன்று பிரதமர். அயர்லாந்திலே தொகுதிக்குத் தொகுதி கிளேர் கிளம்பினால் என்ன ஆகும் என்று எண்ணினார், பணிந்தார். 1829 ஏப்ரல் 13-ஆம் நாள், கத்தோலிக்கர் பாராளுமன்றத்திலே அமர வழிசெய்யும் சட்டத்துக்கு மன்னர் ஒப்புதல் கிடைத்தது.

வெற்றி! ஆனால் முழுவதும் கேளுங்கள். அதே நாளிலே இன்னொரு சட்டமும் பிறந்தது. நாற்பது ஷில்லிங் உரிமைக்கு இனி ஓட்டு இல்லை. பத்துப் பவுன் மதிப்பு வேண்டும்! அயர்லாந்தின் மாவட்டத் தொகுதிகளிலே ஏறத்தாழ 2,16,000-ஆக இருந்த வாக்காளர் தொகை 37,000 அளவுக்குச் சரிந்தது. தலைவருக்குக் கதவைத் திறந்துவிட்டு, தொண்டரை வெளியே தள்ளித் தாழிட்டார்கள். புதிய சட்டம் பழைய தேர்தலுக்குப் பொருந்தாது என்று ஓகானலைத் திருப்பி அனுப்பினார்கள். 1829 ஜூலையில் கிளேர் அவரைப் போட்டியின்றி மீண்டும் தேர்ந்தெடுத்தது. அந்தத் தேர்தலின்போது, முந்திய ஆண்டு அவரைத் தூக்கி நிறுத்திய குடியானவர்களிடம் ஓட்டு இல்லை.

ஓகானல் எதிர்ப்புத் தெரிவித்தார், உண்மை. ஆனால் தடுத்து நிறுத்தவில்லை. 1825-இலேயே இப்படியோர் பேரத்துக்கு ஒருமுறை இசைந்தவர் அவர் என்பதையும் நாம் மறைப்பதற்கில்லை. 1830-இல் கிளேரை விட்டு வாட்டர்போர்டு தொகுதிக்குச் சென்றார்.

பிறகும் அவர் ஓய்ந்தாரில்லை. அமெரிக்க அடிமை முறையைக் கண்டித்தார். அயர்லாந்துக்குத் தனிப் பாராளுமன்றம் கேட்டு, 1843-இல் இலட்சக்கணக்கானோரைத் திரட்டினார். குளோன்டார்ப் கூட்டத்துக்கு அரசு தடை விதித்தபோது, இரத்தம் சிந்தக்கூடாதென்று கூட்டத்தையே நிறுத்தினார். 1844-இல் சிறை. பிறகு உருளைக்கிழங்கு அழுகியது, பஞ்சம் சூழ்ந்தது. தளர்ந்த குரலிலே, 1847-இல், காமன்ஸ் சபையிலே தம் மக்களுக்காக உதவி வேண்டினார். அதே ஆண்டு மே மாதம் ஜெனோவா நகரிலே மறைந்தார்.

அந்தப் பஞ்ச காலத்திலே கிளேர் என்ன ஆயிற்று? கில்ரஷ் வட்டாரத்திலே ஆயிரமாயிரம் பேர் குடிசைகளிலிருந்து துரத்தப்பட்டார்கள். ஓட்டுக்காகவேனும் சிறு குடியானவனை விட்டுவைக்க வேண்டிய தேவை சீமானுக்கு முன்பே நீங்கிவிட்டது. ஓட்டை இழந்தவன் மதிப்பை இழந்தான். மதிப்பை இழந்தவன் மனையையும் இழந்தான்.

ஆயினும் கிளேர் மறக்கவில்லை. வாக்குரிமை மெல்ல மெல்ல விரிந்தது. 1917-இல் கிழக்குக் கிளேர் இடைத்தேர்தலிலே, சிறையிலிருந்து விடுதலையாகி வந்த டிவேலராவை 5,010 வாக்குகள் அளித்து அனுப்பியது; எதிர்த்தவர் பெற்றது 2,035. 1922-இல் சுதந்திர அயர்லாந்து அரசு அமைந்தது. இன்றைய அயர்லாந்துப் பாராளுமன்றத்துக்கு நான்கு உறுப்பினரை அனுப்புகிறது கிளேர். ஓகானலுக்கு வாக்களித்த பழைய நீதிமன்றம் நின்ற இடத்திலே, தூண்மீது அவர் சிலை நிற்கிறது.

சிலையை வணங்கிச் செல்வது எளிது. அந்தச் சிலையைச் சுமக்கும் தூண் யார்? பெயர் தெரியாத அந்த இரண்டாயிரத்து ஐம்பத்தேழு பேர் அல்லவா! வேட்பாளருக்கு வாய்ப்பு எப்படி என்று எல்லோரும் கேட்கிறார்கள். வாக்காளருக்கு வாய்ப்பு எப்படி என்று கேட்பவர் யார்? தேர்தல் முடிந்த மறுநாள், வென்றவரின் நாற்காலியைப் பார்ப்பதோடு நில்லாமல், அவரை வெல்ல வைத்தவனின் உரிமைச் சீட்டு பத்திரமாக இருக்கிறதா என்று பார்க்கவேண்டும். கிளேர் நமக்குக் கற்பித்த பாடம் இது. அந்தப் பாடத்துக்கு விலை கொடுத்தவர்கள் அந்த ஏழைக் குடியானவர்கள்.